கொச்சியில் எடுத்த மூன்று போர்க்கப்பல் படங்கள்

கீழே உள்ள மூன்று ஒளிப்படங்களும் எங்கே எடுத்தவை, அங்கே எப்படிச் செல்வது என்று வாசகர் சிலர் வினவியிருந்தீர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், பொங்கல் விடுமுறையில் எடுத்தவை அவை. அயல்நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று கொச்சிக்கு விருந்தாக வந்திருப்பதாக நாளேட்டில் படித்தேன். பார்த்தே தீர்வது என்று முடிவெடுத்தேன்.

அந்நாளில் நான் திருப்பூரில் பகலில் தமிழாசிரியன், மாலையில் மேடைப் பேச்சாளன். "சிறைக் கதவு எனக்குத் தாய்வீட்டு வாசல்" என்று நான் முழங்கினால் கைத்தட்டல் அடங்க நேரமாகும். உடன் வந்தவர் பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலைச் சேர்ந்த மாரப்பன், பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். கப்பற்படையினர் அணியும் பனியனின் கழுத்து வெட்டைப் பார்த்து வரும்படி அவருடைய முதலாளி சொல்லியிருந்தார்.

திருப்பூரில் காலை 6.10க்குத் தொடர்வண்டி; ஏறத்தாழ 240 கிலோமீட்டர்; ஆளுக்கு ஏழு உருபா நாற்பது காசு. பாலக்காடு தாண்டியதும் இருபுறமும் பசுமை. மதியம் 12.40க்கு எறணாகுளம். அங்கிருந்து அரை மணி நடையில் படகுத்துறை. படகுக்கு இருபது காசு.

கரும்பாறை நகர்ந்து வந்து நின்றதுபோல் நின்றது கப்பல். பீரங்கிகளின் வாய் எங்களை நோக்கியிருந்தது. மாரப்பனோ கப்பலையே பார்க்கவில்லை. கைப்பிடியோரம் நின்ற மாலுமிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாரப்பன், என்ன கணக்கு?"

"சைசுங்க, புலவருங்க. எம்பது நாலு பேரு, எம்பத்தஞ்சு பன்னெண்டு, தொண்ணூறு ஒம்பது. நம்மூரு ஆளுகளாட்ட இல்லீங்க, எல்லாம் தோளு அகலம்."

ஆளைக் கண்டால் அளவெடுப்பது அவர் தொழிற்பழக்கம். திருமண வீட்டிலும் அப்படித்தான்.

நான் இரண்டு படங்கள் எடுத்தேன். மூன்றாவதற்குக் குனிந்து அழுத்தும்போதே ஊதல் ஒலித்தது, கருவி ஆடியது. காவலர் இருவர் ஓடிவந்தனர். படம் எடுக்கத் தடை என்னும் பலகை என் முதுகுக்குப் பின்னால் இருந்ததை அப்போதுதான் கண்டேன். போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்த காலம். ஒற்றர் பற்றிய பேச்சு எங்கும் இருந்தது. வேலை போகும், மனைவியும் இரு பெண்மக்களும் தெருவில் நிற்பார்கள் என்ற நினைவு ஒரு நொடியில் வந்துபோனது. "சற்றுப் பிடியுங்கள்" என்று ஒளிப்படக் கருவியை மாரப்பன் கையில் கொடுத்தேன்.

துறைமுகக் காவலறையில் பெரிய அலுவலர் கருவியை மேசைமேல் வைத்தார். "இது ஆருடெயாணு?"

நான் வாய் திறந்தேன். ஒலி வரவில்லை. மாரப்பன் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"என்னுதுங்க."

அலுவலர் குறிப்பேட்டைப் புரட்டினார். எண்கள், எண்களுக்கு எதிரே எண்கள். அவர் முகம் இறுகியது. "பீரங்கிக் கணக்கா? ஆருக்குக் கொடுக்க?"

"பனியன் அளவுங்க சாமி. சத்தியமாங்க."

"பனியனோ? களியாக்கறியா?"

மாரப்பன் கதவருகே நின்ற காவலரை ஏற இறங்கப் பார்த்தார். "அவரு போட்டிருக்கறது எம்பத்தஞ்சுங்க. அவருக்குத் தொண்ணூறு வேணும். அக்குளு புடிக்குது பாருங்க, கையவே தூக்க மாட்டேங்கறாரு."

அலுவலர் கண்ணசைத்தார். அந்தக் காவலர் வெட்கத்தோடு சட்டைக் கழுத்தை விலக்க, இன்னொருவர் உள்ளே இருந்த பனியனின் முத்திரையைப் படித்தார்: எண்பத்தைந்து. அறையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலை 4.30க்கு விட்டார்கள். ஆனால் படச்சுருளை எடுத்துக்கொண்டார்கள். மாரப்பனின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார்கள். திரும்பும் வண்டியில் அவர் கழுத்து வெட்டைப் பற்றியே பேசினார். நான் சன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தேன்.

அதன்பின் நாற்பது நாள் மிதிவண்டி மணி கேட்டாலே காவலரோ என்று கதவைத் தாழிட்டேன். காவலர் வந்தால் நெருப்பெரிச்சலுக்குத்தான் வருவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட நான் அங்கே போகவில்லை. மேடைக்கும் போகவில்லை, தொண்டைக்கட்டு என்று சொல்லியனுப்பினேன்.

நாற்பத்தோராம் நாள் மாரப்பன் என் வீட்டுக்கு வந்தார். கையில் அரசு உறை. சோதித்துப் பார்த்துவிட்டு, கழுவிய படங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"உங்க படமுங்க, புலவருங்க. மூணாவதுதான் கொஞ்சம் ஆடிப்போச்சுங்க."

அவ்வளவுதான் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் படத்தில் கப்பல் சாய்ந்திருக்கும். ஓரத்தில் மாரப்பனின் தோள் மட்டும் தெளிவாக விழுந்திருக்கும்.

செல்வோர் கவனத்திற்கு: துறைமுகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் வெயில் எதிரே அடிக்கும். அறிவிப்புப் பலகைகளை முன்னும் பின்னும் திரும்பிப் பாருங்கள். ஒளிப்படக் கருவியை உங்கள் கழுத்திலேயே மாட்டிக்கொள்ளுங்கள். எவர் கையிலும் கொடுக்காதீர்கள்.