பெரிய நோன்புக்கு முன் வேண்டியிருந்த அனுமதி

மருத்துவக் காப்புறுதி அலுவலகம் ஒரு முறையீட்டுக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் வழக்குப் போடலாம் என்பது ஜெர்மன் சட்டம். அப்படியோர் அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை இருந்தவன் நான். மூன்று மாதத்தை எப்படிக் கடத்துவார்கள் என்பதும் தெரியும்.

டோர்ட்மண்டில் நான் இலவச ஆலோசனை சொல்லும் மேசைக்கு அவர் வந்தார். உக்ரைனிலிருந்து குடியேறிய யூதர். பெரிய உடம்பு, இறுகிய கோட்டு. வரும்போதெல்லாம் பாண் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் முன் வைத்து, நான் விழுங்கும்வரை பார்த்திருப்பார். லஞ்சமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன்.

அவருடைய மகள் சாப்பிட மறுத்து எலும்பாகிக்கொண்டிருந்தாள். காப்புறுதியின் பட்டியலில் இல்லாத யூத உளசிகிச்சையாளர் ஒருவரிடம் அவளை அனுப்ப அனுமதி கேட்டிருந்தார்; அலுவலகம் மறுத்திருந்தது.

"பட்டியலில இருக்கிற ஆக்களிட்டப் போகலாமே?"

"போனவள். எங்கட சமயத்தில இது கூடாது, அது கூடாது எண்டாள். அந்த டொக்டர்மார் மரியாதையாத் தலையாட்டிச்சினம். நாங்கள் வீட்டில சமயம் விலக்கின பன்றி இறைச்சியே சாப்பிடுறனாங்கள்."

"எங்கட ஆள்தான் வேணுமெண்டு எல்லாரும்தான் கேக்கினம்."

"யூதப் பிள்ளையிட்ட, 'இது சமயமில்லை, நோய் வருத்தம்' எண்டு சொல்ல எந்த ஜெர்மன்காரருக்குத் துணிவு வரும், சொல்லுங்கோ?"

முறையீட்டை எழுதினேன். வாரங்கள் போயும் முடிவு வரவில்லை. ஒரு நாள் முழுக்க உண்ணாமலும் குடிக்காமலும் இருக்கும் அவர்களுடைய பெரிய நோன்பு நெருங்கியது. நோயாளி அன்று சாப்பிடத்தான் வேண்டும் என்பது அவர்களின் விதி. தகப்பன் சொல்லி மகள் நம்பவில்லை. தண்ணீரும் குடிக்காமல் மயங்கி விழுந்து, ஆசுபத்திரிக்குப் போனாள்.

மறுநாள் காலை வந்து, "இன்னொருக்கா எழுதுங்கோ" என்றார். குரலில் கோபமே இல்லை. என்னை நம்பினாரா, சட்டத்தை நம்பினாரா என்று இன்றும் விளங்கவில்லை. அனுமதி அன்று மத்தியானம் வந்தது, நோன்புக்கு மறுநாள்.