எனக்காகக் காது கேளாமல் போனவர்

தேயிலை ஏற்றும் லாரி எப்போது வரும் என்று கேட்க எமரால்டு ஊரிலிருந்து அழைத்த விவசாயிதான் சொன்னார்: "ஏனுங்க, உங்க வசந்தா மேடம் காலையில தவறிட்டாங்களாமே?" இரண்டு மாதமாக வசந்தா மருத்துவ விடுப்பில் இருந்தார். முதலில் அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. வசந்தாவை நினைத்தால் அப்படித்தான்.

குன்னூர் பக்கத்துத் தேயிலை பேக்டரி ஆபீசில் எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். போன் பேசுவது என் வேலை. இடது காது மந்தமானபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலையை மாற்றிவிடுவார்கள் என்ற பயம். ஒரு மதியம், தனியாக இருந்தபோது, காது மிஷின் பற்றி இணையத்தில் தேடினேன்.

மறுநாள் மேனேஜர் மழை நிலவரம் பார்க்க அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். பக்கத்தின் இரு ஓரமும் காது மிஷின் விளம்பரம். செய்தித் தளத்துக்குப் போனார், அங்கும் அதுவே.

"யாருக்குங்க காது கேக்கறதில்ல?"

நான் குனிந்து ரசீதுகளை அடுக்கத் தொடங்கினேன்.

"எனக்குத்தானுங்க சார்" என்றார் வசந்தா.

மேனேஜர் போனதும் வசந்தா, நாம் தேடியதை நினைவில் வைத்து விளம்பரம் காட்ட உதவும் குக்கீகளை அழித்தார். பின்தொடரும் விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றையும் பிரவுசரில் நிறுவினார். தேடியதைப் பதிந்து வைக்காத இன்காக்னிட்டோ போதாதா என்றேன். "அதுல இந்தக் கம்ப்யூட்டர்தான் மறக்குமுங்க, அந்தத் தளத்துக்காரங்க பாக்கத்தான் செய்வாங்க" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உங்க காதைப் பத்தி நீங்கதான் சொல்லோணும். கம்ப்யூட்டர் சொல்லக் கூடாதுங்க."

அன்றிலிருந்து பேக்டரியே வசந்தாவின் காதருகே கத்தியது. இதைப் படிக்கும் பேக்டரி நண்பர்களே, நீங்களும் கத்தினீர்கள், நினைவிருக்கும். "ஆங்?" என்று கையைக் காதில் குவித்தபடி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நான் மிஷின் வாங்கி முடிக்குள் மறைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றால் தடுப்பார்: "இருங்க, புடிக்காத வேலை எதுவும் இப்பத்தான் எனக்குக் கேக்கறதில்ல!"

அடக்கத்தன்று மேனேஜர், "பாவம், காதும் கேக்காம எப்படிச் சமாளிச்சாங்களோ" என்று கண் கலங்கினார். எனக்குத் தாங்கவில்லை. எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். வசந்தாவின் மகள்தான் முதலில் சிரித்தாள். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு போன் எடுக்க வந்துருவீங்கல்ல?" என்றார்.

என்னைப் பற்றி எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பது என் கையில் என்ற தைரியத்தை வசந்தாவிடமிருந்து பெற்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் காது மிஷின் வெளியே தெரியும்படி கொண்டையை உயர்த்திப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.