ஏற்றத்துக்கு வேண்டிய சார்ஜ்

சோளக்காட்டுச் சந்தையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், சாலையின் இடப்பக்கம் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை ஒன்று இருக்கிறது. மலை விவசாயிகளின் உழவர் நிறுவனத்துக்குச் சொந்தமான ஆறு மின்சார லோடு வண்டிகள் அங்கேதான் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். கொட்டகைப் பொறுப்பு யமுனாவுடையது. யாராவது அவள் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, தூக்கந்தான் பத்தல" என்பாள். இரண்டு வருடமாக அதே பதில்.

அதே மலையில் குண்டூர் நாடு என்னும் பகுதிக்காரி. வயது முப்பத்தெட்டு. புருஷன் சின்னுசாமி மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியவன் ஏணி சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். எழுந்து நடக்கிறான், மரம் ஏற முடியாது, மூட்டை தூக்க முடியாது. அந்த வருடம்தான் நிறுவனம் வண்டிகளை வாங்கியது. பன்னிரண்டாவது படித்த உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். நாமக்கல்லில் பத்து நாள் பயிற்சி கொடுத்து, நீல நிறச் சட்டை ஒன்றைக் கொடுத்து, அவளைக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள்.

உட்கார நேரம் இருந்ததில்லை. மூன்று மணிக்கு மேல் வண்டிகள் ஒவ்வொன்றாக மலையேறி வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வயரை மாட்ட முடியாது. ஆறு மணி ஆகிவிட்டால் ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், மாவு மில் ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும். சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுகொள்ளும். ஒவ்வொன்றாகப் போய் அணைத்து மறுபடி போட வேண்டும். அதனால் இரண்டிரண்டு வண்டியாகத்தான் ஏற்றுவாள். இரவுக் காவலுக்கு வருகிறவரிடம், எந்த வண்டியை எத்தனை மணிக்கு மாற்ற வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடப்பாள். விடிவதற்குள் திரும்பி வருவாள். வீட்டில் அடுப்பு, மாடு, சின்னுசாமிக்கு வெந்நீர் ஒத்தடம் எல்லாம் இந்த இரண்டு நடைக்கு நடுவில்.

பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றை வண்டி ஓட்டும் முரளிதான் அவளுக்குச் சொன்னான். சேர்ந்த புதிதில் அவள் எல்லா வண்டிக்கும் நூறு சதவீதம் வரை நிறைத்து அனுப்பினாள். ஒருநாள் முரளி முப்பதாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு போன் செய்தான்.

"அக்கா, பிரேக்கு தீயிற வாசம் வருது. இனிமே நூறு வெக்காதீங்க. எறங்கறப்ப சக்கரம் சுத்தி வண்டியே கரண்டு செய்யும், அதுதான் பாதி பிரேக்கு. பேட்டரி ரொம்பி இருந்தா அந்தக் கரண்டு போக எடமில்ல. எல்லாப் பாரமும் பிரேக்கு மேல வருது."

அன்றிலிருந்து எண்பத்தைந்தில் நிறுத்தினாள். இறக்கத்தில் வண்டி செலவு செய்வதில்லை, சம்பாதிக்கிறது, தின்பதெல்லாம் ஏற்றம்தான். எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து நிற்கும் வண்டியின் திரையில் இருபத்தைந்தோ முப்பதோதான் இருக்கும். அவள் நாள் முழுக்கச் சுமந்தது அந்த எண்களைத்தான்.

போன ஆடியில் அது நடந்தது.

பலாப்பழம் கடைசி வரத்து. இரண்டு நாளாகக் காற்று. மத்தியானம் வண்டிகள் ஏறி வந்து, முதல் இரண்டுக்கு வயர் மாட்டிய கொஞ்ச நேரத்தில் கரண்டு போய்விட்டது. மேலே எங்கோ மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்து மூன்று கம்பத்தையும் இழுத்துக்கொண்டது. லைன்மேன் இமானுவேல் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது. தூறலில் ஆட்களோடு நின்று வேலை பார்த்தார். கரண்டு வந்தபோது காலை ஐந்தரை ஆகியிருந்தது.

எட்டு மணிக்காவது வண்டி இறங்கினால்தான் மலைக்குக் கீழே இருக்கும் சந்தையின் ஏலத்துக்குப் போய்ச் சேரும். யமுனா கணக்குப் போட்டாள். இருக்கிற வோல்டேஜில் இரண்டு வண்டியை மட்டும் அறுபது வரை கொண்டு வரலாம். அறுபது இருந்தால் காலி வண்டியாகத் திரும்பி ஏறிவிடும். மீதி நான்கும் இருபத்தெட்டு, முப்பதில் நின்றன.

"போயிரும்க்கா," என்றான் முரளி. "சந்தை வரைக்கும் நாலும் போயிரும். திரும்பி வராது."

வாடகை டீசல் வண்டிகள் எல்லாம் ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கோயில் பக்கம் போயிருந்தன. கொட்டகை வாசலில் எட்டுப் பேரின் பலாப்பழம் குவிந்து கிடந்தது. இரண்டு வண்டியில் நான்கு பேரின் பழம்தான் ஏறும்.

யார் முதலில் வந்தார்கள் என்று சீட்டில் எழுதியிருந்த வரிசைப்படி ஏற்றச் சொன்னாள். முதலில் எடப்புளி நாட்டுக் கண்ணாயியின் பழங்கள். அவை முந்தாநாளே வந்து, நேற்றைய வண்டிகளில் இடமில்லாமல் கிடந்தவை. ஏழாவதாக இருந்தது அவளுடைய அண்ணன் அண்ணாமலையின் பழம். விடிகாலையில் ஆட்களோடு அறுபது பழத்தைத் தலைச்சுமையாக ஓடை தாண்டிக் கொண்டுவந்து போட்டிருந்தான். எல்லாமே பழுத்த பழம். வாசத்திலேயே தெரிந்தது.

அண்ணாமலை சத்தம் போடவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கண்ணு, என்னுது இன்னிக்கிப் போவலீன்னா வெடிச்சுரும். கண்ணாயியோடது காய்ப்பதம், ரெண்டு நாளைக்குத் தாங்கும். நீ பாத்தீன்னா உனக்கே தெரியும்."

"தெரியுதுங்ண்ணா. ஆனா அவங்க முந்தாநாளே வந்து எழுதிக்கிட்டாங்க. இன்னிக்கி மாத்துனா நாளைக்கி ஒருத்தரும் வரிசைய மதிக்க மாட்டாங்க."

"சின்னுசாமி உழுந்தப்ப அவன ஆசுபத்திரிக்கிக் கட்டில்ல தூக்கிட்டுப் போனது யாரு? நான் உனக்கு அண்ணனா, சீட்டுல ஏழாவது ஆளா?"

முரளி வண்டிக்குள் பழம் அடுக்குவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"இங்க ஏழாவது ஆளுதாங்ண்ணா," என்றாள்.

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். இரண்டு வண்டிகளும் இறங்கின. மறுநாளும் வோல்டேஜ் சரியில்லை. மூன்றாம் நாள் அவனுடைய பழங்கள் வெடித்து, ஈ மொய்த்து, கொட்டகை முழுக்க இனிப்பான அழுகல் வாசம் அடித்தது. ஆள் வைத்து அள்ளச் சொல்லியிருக்கலாம். அவளே கூடையில் அள்ளி, பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குக் கொட்டினாள். நீலச் சட்டையில் பிசின் ஒட்டியது. எத்தனை தடவை எண்ணெய் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை.

சின்னுசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ செஞ்சது ஞாயந்தான்" என்றான். பிறகு, "ஆனா உங்கண்ணன் சொன்னதுலயும் தப்பில்ல" என்றான். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அதுதான் அலுப்பாக இருந்தது.

அண்ணாமலை அதன் பிறகு கொட்டகைப் பக்கம் வரவில்லை. அன்னாசியோ வாழைத்தாரோ, பக்கத்துத் தோட்டக்காரரிடம் கொடுத்தனுப்பினான். அவன் பெயரைச் சீட்டில் எழுதும்போதெல்லாம் யமுனா ஒரு நொடி நிறுத்தி எழுதினாள்.

முரளி அன்று சொன்னது மட்டும் அவளை விடவில்லை. நான்கும் போகும், திரும்பி வராது. அப்படியானால் சார்ஜ் வேண்டியது மேலே இல்லை, கீழே. இறங்குகிற வண்டிக்கு மேலே நிரப்பிக்கொண்டிருக்கிறோம். ஏறுகிற வண்டிக்கு மலையடியில் ஒரு பிளக் கூட இல்லை. நிறுவனத்தின் மேலாளர் கதிரேசனுக்கு போன் செய்தாள். அவர் நாமக்கல்காரர், நல்ல மனிதர், எப்போதும் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருப்பவர்.

"மலையில வெக்கிறதுக்குன்னுதாம்மா திட்டமே. கொட்டகைக்கு அனுமதி வாங்குனது அந்த எடத்துக்குத்தான். எழுதிக் குடுங்க, கூட்டத்துல வெக்கிறேன்."

எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம். ஆறு வண்டியும் எந்த வளைவில் எத்தனை காட்டுகின்றன என்று முரளியிடம் கேட்டு அடியில் எழுதினாள். கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது.

கம்பம் சரி பார்க்க வந்த இமானுவேலிடம் ஒருநாள் தேநீர் கொடுத்துக்கொண்டே இதைச் சொன்னாள். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

"இங்க இருக்குற டிரான்ஸ்பார்மர் ஊட்டு வெளக்குக்குப் போட்டதும்மா. பெருசு போடலாம், அதுக்கு நாளாகும். கீழ காரவள்ளி தாண்டி ஒரு சேகோ ஆலை இருக்குல்ல, உங்க மரவள்ளியெல்லாம் அரைக்கிறது. அங்க கரண்டுக்குப் பஞ்சமில்ல. சீசன் இல்லாதப்ப ஆலை சும்மாதான் நிக்கும். போய்க் கேட்டுப் பாரு. வண்டிக்குன்னு தனி மீட்டர் போடணும், அத நான் எப்படின்னு சொல்றேன்."

விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போனாள். ஆலை முதலாளி அருணாசலம் காயப்போடும் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மரவள்ளி வரத்து இல்லாத மாதம். களம் முழுக்க வெறும் சிமெண்ட்டு வெயிலில் பளபளத்தது.

"வாங்க அம்மிணி. கெழங்கு இப்பவே வருதா?"

"கெழங்கு இல்லீங்க. வண்டிக்கிக் கரண்டு கேக்க வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. முழுக்கச் சொல்ல விட்டார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"கார்த்திகையில ஆலை ஓட ஆரம்பிச்சா என்ன பண்ணுவீங்க?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று தோன்றியது. அவரே பேசினார்.

"மத்தியானம் மாவு காயிற நேரம் அரைவை நிக்கும். ஒரு மூணு மணி நேரம். உங்க வண்டியும் சந்தை முடிஞ்சு அப்பத்தான வரும்? அந்த நேரம் எடுத்துக்குங்க. ஆனா வண்டிக தானா வந்து மாட்டிக்கிட்டுப் போற மாதிரி எனக்கு ஆவாது. பொறுப்பா ஒரு ஆளு நிக்கோணும்."

புரட்டாசியில் கூட்டம் நடந்தது. ஒப்புக்கொண்டார்கள். தனி மீட்டர் வந்தது. ஆறு சார்ஜரில் நான்கைக் கழற்றிக் கீழே கொண்டுபோய் ஆலைச் சுவரில் பொருத்தினார்கள். கதிரேசன் நேரில் வந்து யமுனாவைப் பாராட்டிவிட்டு, அதே மூச்சில் சொன்னார்:

"கீழ நீங்கதாம்மா நிக்கணும். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

வீட்டில் சின்னுசாமி, "முடியாதுன்னு சொல்லீரு" என்றான். சொல்லலாம்தான். வேறு ஆளுக்கு யார் சொல்லித் தருவது, அவன் எண்பத்தைந்தில் நிறுத்துவானா, வரிசைச் சீட்டை யார் எழுதுவது என்று யோசித்தபோதே, தான் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது காலையில் மேல் கொட்டகையில் வண்டிகளை அனுப்பிவிட்டு, பத்து மணி பஸ்ஸில் இறங்குகிறாள். எழுபது வளைவு. இருபதாவது வளைவுக்குள் கண்ணை மூடி, ஜன்னல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருப்பாள். கீழே இறங்கினால் வெயில் கன்னத்தில் அறையும். மலையில் பிறந்த உடம்புக்கு அது இன்னும் பழகவில்லை. வண்டிகள் வரும், மாட்டுவாள், கழற்றுவாள், சாயங்கால பஸ்ஸில் மறுபடி எழுபது வளைவு.

ஆனால் காற்றடித்துக் கரண்டு போன ஐப்பசி நாட்களில் ஆறு வண்டியும் இறங்கின. முப்பதோடு இறங்கியவை கீழே நிறைத்துக்கொண்டு ஏறின. கொட்டகை வாசலில் யாருடைய பழமும் கிடக்கவில்லை. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நடக்க வேண்டியது நடந்தால் யார் பேசப்போகிறார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் முரளியின் வண்டி சந்தையிலிருந்து ஆலைக்குள் திரும்பியபோது முன் இருக்கையில் அண்ணாமலை இருந்தான். வாழைத்தார் கொண்டுபோனவன் போலிருக்கிறது. இறங்கி, களத்தில் பரப்பிய வெள்ளை மாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வயரை மாட்டினாள். திரையில் நாற்பத்தொன்று.

"எப்ப மேல போவ?" என்றான், அவளைப் பார்க்காமல்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்குங்ண்ணா."

"பஸ்ஸு எதுக்கு. இந்த வண்டியிலயே வா. நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"இது ஏறறதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகுங்ண்ணா. பின்னால இன்னும் ரெண்டு வண்டி வரோணும்."

அவன் போகவில்லை. ஆலைச் சுவரின் நிழலில், அவளுடைய சாப்பாட்டுத் தூக்குக்கு நாலு முழம் தள்ளி, துண்டை விரித்து உட்கார்ந்தான். பேச இருவருக்கும் எவ்வளவோ இருந்தது. ஆனால் அவளுக்குக் கண் சொருகியது. அடுத்த வண்டி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதும், சுவரைப் பிடித்து எழுந்து வயரை எடுக்கப் போனாள்.