வேதியியல் படிக்காத இரண்டு பேர்

இந்த நாட்டில் எதற்கும் முதலில் ஒரு சீட்டுக் கிழிக்க வேண்டும். மருந்துக்கடை, வங்கி, மீன் விற்கும் இடம் என்று எல்லா வாசலிலும் ஒரு சிவப்புப் பெட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பிடித்து இழுத்தால் எண் வரும். நும்மர்லாப் என்கிறார்கள். சுவீடனுக்கு வந்து நான்கு வருடமாகியும் நான் இரண்டு சீட்டாகத்தான் இழுக்கிறேன். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டுமே. மயிலாப்பூர் ஜெராக்ஸ் கடைகளில் பாதி ஆயுளைக் கழித்தவளின் புத்தி அது. "உனக்கு என்ன ரெண்டு தலையா?" என்று என் கணவர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் கொம்வுக்ஸ் என்ற, பெரியவர்கள் படிக்கும் பள்ளிக்குப் போனேன். வழக்கம்போல இரண்டு சீட்டு: நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. என் பி.காம். பட்டத்தை இங்கே யாரும் சீந்தவில்லை. முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்குப் படிக்கலாமே என்று முப்பத்தெட்டு வயதில் ஓர் ஆசை. பல்கலைக்கழகத்தில் அதற்கு இடம் கேட்கும் முன் இங்கே விசாரிக்கச் சொன்னார்கள். ஆலோசகர் கரின் என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "நீங்கள் பள்ளியில் வேதியியல் படிக்கவில்லை. அதனால் பெஹோரிக் இல்லை" என்றாள். தகுதி இல்லை என்று அர்த்தம். நன்றி சொல்லி, எல்லாவற்றையும் ஃபைலில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"எங்கே போகிறீர்கள்?" என்றாள் கரின்.

"முடிந்துவிட்டதே."

"நாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்று சொல்லி, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள்.

மறுபடி உட்கார்ந்தேன். தகுதி இல்லை என்று அவள் முதலில் சொன்ன அந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. மயிலாப்பூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில், அட்மிஷன் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பதினோரு வருடம் நானே சொன்ன வாக்கியம். அங்கே சீட்டு கிடையாது. கம்பி வழியாக எந்தக் கை முதலில் நீளுகிறதோ அதுதான் முதல் எண். எலிஜிபிள் இல்லை என்று நான் சொல்லிவிட்டால் அந்தக் கை பின்வாங்கிக்கொள்ளும், அடுத்த கை வரும். சுறுசுறுப்பான கிளார்க் என்று எனக்குப் பெயர் வேறு.

கோகிலா வந்தது ஒரு மே மாதத்தில். அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடியில் குடியேற்றியிருந்தார்கள். கிண்டி எஸ்டேட்டில் லோடு ஏற்றும் அப்பாவோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பம். மார்க் ஷீட்டைப் பார்த்தேன். நல்ல மார்க்தான், ஆனால் தொழிற்கல்விப் பிரிவு. வேதியியல் என்ற பாடமே அதில் இல்லை. விண்ணப்பத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன்.

"இன்னா மேடம், மார்க்கு நல்லாத்தான கீது?" என்றார் அப்பா.

"மார்க் இல்லீங்க பிரச்சனை. பிளஸ் டூல கெமிஸ்ட்ரி எடுக்கல. எலிஜிபிள் இல்ல."

"அங்க ஸ்கூல்ல சயின்ஸ் குரூப்பு ஃபுல்லாயிட்ச்சி மேடம். இதான் கெடச்சிது" என்றாள் கோகிலா. கம்பியை விடவில்லை. "வேற எதனா சயின்ஸ்ல சேர முடியுமா மேடம்?"

மணி ஒன்றரை. எனக்குப் பசி. "எல்லாத்துக்கும் அதே ரூல்தாம்மா. நகரு" என்றேன்.

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அப்பாதான் தோளைத் தொட்டு, "வாம்மா. மேடமுக்குத் தெரியாதா?" என்று கூட்டிக்கொண்டு போனார்.

மேடமுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வேறு எதற்கோ கல்லூரி விவரக் கையேட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்டது: ஊட்டச்சத்து அறிவியலுக்குத் தொழிற்கல்விப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். அந்தக் கையேடு வருடக்கணக்காக என் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. கோகிலாவின் போன் நம்பர், விலாசம் எல்லாம் அந்த விண்ணப்பத்தில் இருந்தன. கோடு போட்டு அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தேன். அவள் திரும்ப வருவாள் என்று கடைசித் தேதிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் வருவாள்? நான்தான் எல்லாத்துக்கும் அதே ரூல் என்று சொல்லிவிட்டேனே. அதன் பிறகு பஸ் கிண்டியைத் தாண்டும்போதெல்லாம் லோடு ஏற்றுகிறவர்களின் முகத்தைத் தேடினேன். கண்டுபிடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியாது. இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. வெட்கம்.

பிளஸ் டூவில் நானும் கெமிஸ்ட்ரி படிக்கவில்லை, காமர்ஸ் எடுத்தேன். பதினைந்து வயதில், கூட உட்காரும் தோழி அதை எடுத்தாள் என்பதற்காக. கோகிலாவுக்காவது ஒரு காரணம் இருந்தது.

கரின் திரையில் காட்டிக்கொண்டே போனாள். இந்தப் பருவம் வேதியியல் ஒன்று, அடுத்ததில் வேதியியல் இரண்டும் உயிரியலும், அதற்கடுத்து இயற்பியல். அதோடு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நான் கேட்காததையும் தேடித் தேடிச் சொன்னாள். எனக்குக் கண்ணீர் கட்டுப்படவில்லை. அவள் பயந்துபோய், காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தள்ளி வைத்தாள். "ஒன்றரை வருடம்தான். உங்களால் முடியும்" என்றாள். அதற்கு அழவில்லை என்று சொல்லும் அளவுக்கு என் சுவீடிஷ் இன்னும் வளரவில்லை. தலையாட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேதியியல் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது.

வெளியே வந்து கோட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் மணி அடித்தது. திரையில் நாற்பத்திரண்டு. பாக்கெட்டுக்குள் என்னுடைய அந்த இரண்டாவது சீட்டு விரலில் தட்டுப்பட்டது. எடுத்துக் கொடுத்து, ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கம்பியை விடாத கோகிலாவின் கை நினைவுக்கு வந்தது. என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கரின் கதவைத் திறந்து வெளியே வந்து, நாற்காலிகளைப் பார்த்து, "நாற்பத்திரண்டு?" என்று கேட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அவசரப்படாமல் இன்னொரு தடவை கேட்டாள். பிறகு உள்ளே போய் அடுத்த எண்ணை அழைத்தாள்.