கேட்டு வராத முகம்

கடல் கடந்து வந்து ஊரை ஆண்டவர்களின் பட்டாள முகாமுக்கு எதிரே அவர் படக்கடை வைத்திருந்தார். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தே பாதி ஆயுள் போனதால் 'முக்காட்டுக்காரர்' என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பாய்கள் பொத்தான்களைத் துலக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் அம்மாவுக்குப் படம் அனுப்பத்தான். அவர் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பார். ஆள் திரும்பி வந்து கேட்டால்தான் தாளில் அச்செடுப்பார். மூன்று மாதமாக யாரும் கேட்காத தகடுகளை மனைவி வெந்நீரில் போட்டு, மறுபடி பயன்படுத்தச் சுரண்டிக் கழுவி வைப்பாள். புதுக் கண்ணாடி கப்பலில்தான் வர வேண்டும், வேறு வழியில்லை.

ஒரு மழைக்காலத்தில் முகாமில் காய்ச்சல் புகுந்தது. நாற்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். மறு வருடம் முகாம் குமாஸ்தா ஒரு கடிதத்தோடு வந்தார். இறந்த சிப்பாய் ஒருவனின் தாய் எழுதியது. படம் எடுத்துக்கொண்டேன், அடுத்த கப்பலில் அனுப்புகிறேன் என்று மகன் கடைசியாக எழுதியிருந்தானாம். வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லையாம்.

பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது, குறுக்கே ஒரு கோட்டோடு.

“நான்தாங்க கழுவினேன்,” என்றாள் மனைவி. “மீசை சரியா முளைக்காத பையன். பார்த்துக்கிட்டேதான் சுரண்டினேன்.”

“கழுவச் சொன்னது நான்தானே,” என்றார் அவர்.

அதிகாரிகளுக்காக எடுத்த குழுப்படங்களின் தகடுகள் மட்டும் மிச்சமிருந்தன. மூன்று நாள் கடையை அடைத்துவிட்டு, இருவரும் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துத் தேடினார்கள். கடைசி வரிசையில் ஒரு முகத்தைக் காட்டி, இவன்தான் என்றாள். அப்புறம், இவன் மாதிரிதான் இருக்கு என்றாள். அதைப் பெரிதாக்கி அனுப்பினார்கள்.

ஐந்து மாதத்தில் படம் திரும்பி வந்தது, கூடவே நாலு வரி. குமாஸ்தா வாசித்துச் சொன்னார்: இது என் மகன் இல்லை. இந்தப் பிள்ளையின் அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள், அவளுக்கு வேண்டியிருக்கும்.

விசாரித்ததில் படத்திலிருந்தவனும் அதே காய்ச்சலில் போனவன். அவன் வீட்டுக்குப் படத்தை அனுப்பினார்கள். பதில் வரவில்லை.

அதன்பின் அவர் ஒரு தகட்டையும் சுரண்ட விடவில்லை. துணி உலர்த்தும் சிப்பாய், உருளைக்கிழங்கு உரிக்கும் சிப்பாய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவன் என்று யாரும் கேட்காமலே எடுத்துத் தள்ளினார். பெட்டிகள் கூடத்தை அடைத்தன. “ஒரு பட்டாளத்துக்கே இடம் கொடுத்தாச்சு, நாம எங்க படுக்கிறது?” என்பாள் மனைவி. ஆனால் தூசி தட்டியது அவள்தான்.

படை கப்பலேறிப் போயிற்று. சில வருடங்களில் அவரும் கண்ணை மூடினார். வெகு காலம் கழித்து, முகாமின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெட்டிகளைக் கேட்டு வந்தார்கள். ஏற்றி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு பெட்டியையும் தொட்டு அனுப்பினாள்.