மலைக்காக வாங்கிய கிரவுன்

ஒரு லாரியின் பின் அச்சுக்குள், எண்ணெயில் ஊறிக்கொண்டு, யார் கண்ணுக்கும் படாமல் கிடக்கும் பல்சக்கரத்துக்காக எங்கள் வீட்டில் நடந்த சண்டை எங்கள் கல்யாணத்துக்குக்கூட நடக்கவில்லை. இத்தனைக்கும் அது லேசுப்பட்ட கல்யாணமில்லை. நான் வேதக்கார வீட்டுப் பெண். துரைமார் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் என்று எங்கள் ஆட்கள் இன்னும் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் திருவாலங்காட்டுப் பக்கம் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். அவர்கள் புதிதாக எது வாங்கினாலும் அது முதலில் திருத்தணி மலை ஏறி இறங்க வேண்டும். டிராக்டர் ஏறியது. பைக் ஏறியது. என் மாவு கிரைண்டரைக்கூட ஆட்டோவில் வைத்து மேலே கொண்டுபோய், விபூதி பூசி, பூ சாத்தி இறக்கிய பிறகுதான் பிளக்கைச் செருக விட்டார்கள். அதில் அரைத்த முதல் மாவு புளிக்கவே இல்லை என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் ட்ரெய்லர் டிரைவர். வேறொருவர் வண்டியை வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தவர். சித்தூர் தாண்டி பலமநேர் ஏறுகிற மலைச்சாலையில் ஒருநாள் இரும்புச் சுருள் லோடோடு போய்க்கொண்டிருந்தபோது முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது. இவரும் மேட்டில் நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பக் கிளப்பியபோது வண்டி முன்னால் போகவில்லை, பின்னால் வந்தது. அவ்வளவு பாரத்தையும் அந்த மேட்டையும் இழுக்க அந்த வண்டிக்குத் திராணியில்லை. பின்னால் ஒரு கல்யாண வேன். அதன் டிரைவர் புத்திசாலி, சரேலென்று ரிவர்ஸ் எடுத்து ஒதுங்கிவிட்டார். ட்ரெய்லர் மடங்கிக்கொண்டு போய் மலைச்சுவரில் சாய்ந்து நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆனால் வேனின் முன்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். அவள் முகம் இவருடைய பக்கக் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்ததாம். அதோடு சரி, என் வீட்டுக்காரர் சாவியைத் தொடவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கக் கனகம்மாசத்திரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, திருப்பதி ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கத் துக்கமாக இருந்தது. துக்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வாய் நிற்காது. "இன்னாங்க, போற வண்டிக்கெல்லாம் டாட்டா காட்டிகினு இருக்கத்தான் லைசென்ஸ் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் அடுத்த லாரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிற மனுஷன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. வண்டி ஓட்டாத அந்த மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சொந்த வண்டின்னா ஓட்டுவேன். கிரவுன் நான் சொல்றதா இருக்கணும்."

கிரவுன் என்று லாரிக்காரர்கள் சொல்வதுதான் அந்தப் பல்சக்கரம். எஞ்சினிலிருந்து வருகிற தண்டு எத்தனை சுற்று சுற்றினால் பின் டயர் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் கணக்கு. ஐந்து சுற்றுக்கு ஒன்று என்றால் வேகமான கிரவுன். சமதளத்தில் பறக்கும், டீசலும் மிச்சம், மேட்டில் மட்டும் மூச்சு வாங்கும். ஏழு சுற்றுக்கு ஒன்று என்றால் மெதுவான கிரவுன். பின்னால் எதைக் கட்டினாலும் மேட்டில் இழுத்துக்கொண்டு போகும். சமதளத்தில் எஞ்சின் கத்துகிற கத்தலுக்கு வண்டி நகர்கிற நகர்வைப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்கள் பக்கம் மெட்ராஸிலிருந்து திருப்பதி வரைக்கும் ரோடு பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. இனிமேல் அந்த ரோட்டில் மட்டும்தான் ஓட்டப் போகிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். எந்தக் கிரவுன் வாங்க வேண்டும் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

என் வீட்டுக்காரர் ஏழு என்றார்.

ஷோரூம் பையன் டை கட்டிக்கொண்டு வந்து பக்குவமாக எடுத்துச் சொன்னான். "சார், ஃபேக்டரியில ரெண்டும் தருவாங்க. ஆனா உங்க ரூட்டுக்கு ஸ்லோ கிரவுன் வேஸ்ட் சார்." இவர் தலையை ஆட்டினார், ஏழு என்றார். ஊர் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் என்னைப் பெற்ற நைனா கிளம்பி வந்தார்.

நைனா அரக்கோணத்தில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். வேலை பார்த்த காலம் முழுக்க ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, முன்னால் எஞ்சின் என்ன செய்கிறது என்று யூகித்துக்கொண்டே போனவர். அதனால் இழுக்கிற சமாசாரம் எல்லாவற்றிலும் தனக்கு அத்தாரிட்டி உண்டு என்பது அவர் எண்ணம்.

"மாப்ளே, இன்னாத்துக்கு இந்த ஆமை கிரவுனு? வழியில எங்க கீது மலை?"

"இதோ கீதே மாமா," என்று என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் திருத்தணி மலையைக் காட்டினார். "எங்க வீட்டு வண்டி மொதல்ல அங்கதான் ஏறணும். ட்ரெய்லரோட முழு வண்டியா ஏறணும். பாதி வண்டிய காட்டிட்டு வந்தா சாமி ஒத்துக்குமா?"

"ஒரு நாள் ஏறுறதுக்கு ஆயுசு முழுக்க நத்தை மாதிரி போவியா?"

"ஆங். போறேன்."

நைனா என்னைப் பார்த்தார். உன் புருஷனுக்குக் கழன்றுவிட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் மலையைக் காட்டிய அவர் விரலைப் பார்த்தேன். விரல் திருத்தணியைத்தான் காட்டியது, கண் போனது பலமநேருக்கு. பயமாக இருக்கிறது என்று மாமனார் முன்னால் எந்த ஆம்பிளை சொல்வான்? முருகன் பேரைச் சொன்னால் கேள்வி கிடையாது. ஊர் முழுக்க வேண்டியதற்கெல்லாம் அவரைத்தான் சாக்கு சொல்கிறது, இவரும் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

"நைனா, ஏழே இருக்கட்டும்," என்றேன்.

நைனா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேகமான கிரவுன் பக்கம் இருந்த ஒரே கிறிஸ்தவ ஓட்டும் அத்தோடு போயிற்று.

வண்டி வந்தது. சிவப்பு. மணவூர்ப் பக்கம் ஒருவரிடம் நாற்பதடி ட்ரெய்லர் ஒன்று பழசாக வாங்கி மாட்டினோம். ஷோரூம் டிரைவர்தான் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு முன் நிறுத்தினார், என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டில் விருந்தாளியைப் போல உட்கார்ந்து வந்தார். நைனா கோபத்தை மறந்து எங்கள் சபை ஐயரை, அதாவது பாதிரியாரை, கூட்டி வந்துவிட்டார். மலையில் பூஜை நடந்தால் நடக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு ஜெபம் முந்திக்கொள்ள வேண்டுமாம். ஐயர் பானெட்டில் கை வைத்து ஆரம்பித்தார். செங்கடலைப் பிளந்தது, எரிகோ மதிலை விழவைத்தது என்று ஒவ்வொன்றாக ஆண்டவருக்கே ஞாபகப்படுத்திக்கொண்டு வந்து, டயருக்கு வருவதற்குள் எஞ்சின் சூடாகிவிட்டது. என் மாமியார் கையில் எலுமிச்சம்பழத்தோடு ஓரமாக நின்று, ஆமென் எப்போது வரும் என்று கண்ணாலேயே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் குளித்து, வேட்டி கட்டி, சாவியை எடுத்தார். எடுத்தே விட்டார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். சமதளத்தில் அருமையாக ஓட்டினார். ஸ்கூட்டிக்காரிகளெல்லாம் எங்களை ஓவர்டேக் செய்துகொண்டு போனார்கள், அது வேறு விஷயம்.

மலையடிவாரத்து கேட்டில் சீட்டு கிழிக்கிறவர் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பார்த்தார். பிறகு பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் பார்த்தார்.

"இன்னாது இது?"

"புது வண்டிங்க. பூஜைக்கு."

"ட்ரெய்லரோடயா? யோவ், மேல வளைவுல இது எப்படிய்யா திரும்பும்? கழட்டி வெச்சிட்டு தலைய மட்டும் எடுத்துகினு போ."

இந்த மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதன் வளைவுகள் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஐந்தா ஏழா என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்ட அத்தனை பேரில் ஒருவருக்கும், நாற்பதடி ட்ரெய்லர் அந்த ரோட்டில் திரும்புமா என்று தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ட்ரெய்லரைக் கழற்றிக் கீழே நிறுத்திவிட்டு, முண்டமில்லாத தலையோடு மேலே கிளம்பினோம்.

பாதி மலையில், ஒரு வளைவில், முன்னால் போன டூரிஸ்ட் பஸ் நின்றது. யாருக்கோ வாந்தி. என் வீட்டுக்காரரும் நிறுத்தினார். மேட்டில்.

பஸ் கிளம்பிப் போய்விட்டது. நாங்கள் கிளம்பவில்லை. அவர் கால் பிரேக்கில் இருந்தது. அதை எடுக்கவே இல்லை. கண் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"பின்னாடி யாரோ கீறாங்க," என்றார்.

"நான் பாத்துட்டு வரேன்," என்று இறங்கினேன். பின்னால் ஒரு ஆட்டோ. உள்ளே சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் ஒரு கூடை. ஆட்டோக்காரரைப் பின்னால் தள்ளி நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாக்கா, புது வண்டிதானே? உருண்டுடுமா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணா. ஓட்டுறவருக்குத்தான்."

ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து பின் டயருக்கு அண்டை கொடுத்தேன். "கல்லு வெச்சிட்டேன், எடுங்க!" என்று கத்தினேன். வண்டி அசையவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. மாமனாரோடு, மெக்கானிக்கோடு, ஷோரூமோடு சண்டை போட்டு வாங்கிய கிரவுன் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் கல் எனக்கு உறுத்தியது. அது அங்கே இருந்தால், வண்டி நின்றதா, கல் நிறுத்தியதா என்று இவர் ஆயுசுக்கும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். குனிந்து எடுத்தேன். அவர் பார்க்கும்படி தூக்கிக் காட்டி, ஓரமாக எறிந்தேன். எறிந்துவிட்டு அந்த இடத்திலேயே, பின் டயருக்கு நேராக, கண்ணாடியில் முழுசாகத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டேன்.

"அக்கா, இன்னா பண்றே?" என்று ஆட்டோக்காரர் அலறினார். நியாயமான கேள்வி. எனக்கே பதில் தெரியாது. ஐயர் ஜெபம் பண்ணியது, மாமியார் வேண்டிக்கொண்டது இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டேன், அந்த நேரத்தில் கட்சி பார்க்க முடியுமா? முகத்தில் மட்டும் எதையும் காட்டவில்லை. இடுப்பில் கை வைத்து, சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிடும்போது எப்படி முறைப்பேனோ அப்படி முறைத்தேன்.

எஞ்சின் சத்தம் ஏறியது. பிரேக் காற்று புஸ்ஸென்று விட்டது. வண்டி ஒரு நூல்கூடப் பின்னால் வரவில்லை. முன்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. வளைவு திரும்பி மறைந்தே போய்விட்டது.

என்னை ஏற்றிக்கொள்ளவில்லை. என் செருப்பு வண்டிக்குள் இருந்தது, ரோடு கொதித்தது. ஆட்டோவில் மொட்டைகளுக்கே இடமில்லை. உள்ளங்கால் சுடச் சுட, ஓடியும் நடந்தும் மலை ஏறினேன். அழுதுகொண்டு ஏறினேனா சிரித்துக்கொண்டு ஏறினேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

மேலே வண்டிக்கு மாலை போட்டுத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா இவ்ளோ நேரம்?" என்றார்.

"நிறுத்தி ஏத்திகினு வந்தா இன்னா?"

"நிறுத்துனா திரும்பக் கெளப்பணுமே."

பூஜை முடிந்து இறங்கி வந்ததும் மெக்கானிக் கேட்டார்: "தலை மட்டும்தானே ஏறிச்சு? பாரமே இல்லாம ஏறுறதுக்கு இன்னாத்துக்கு அந்தக் கிரவுனு? ஐஞ்சு போட்டாலும் குதிச்சிகினு ஏறியிருக்குமே." நான் அவர் காலை மிதித்தேன். மிதித்திருக்க வேண்டாம். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு அது தெரியாதா? மலையில் தன்னை எது ஏற்றியது, எது ஏற்றவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு நிம்மதி வரவில்லை. பாரத்தோடு, அதே இடத்தில் ஏற வேண்டியது பாக்கி இருந்தது.

அடுத்த வாரம் அந்த லோடு வந்தது. இரும்புச் சுருள், பலமநேர் வழி. வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு போனார். அன்று நான் சமைத்ததை மனுஷன் சாப்பிட முடியாது. மத்தியானம் போன் வந்தது.

"ஏறிட்டேன்," என்றார்.

"வழியில நின்னுச்சா?"

"நின்னுச்சு. அதே எடத்துல. ஒரு டேங்கர் மடக்கிக்கிச்சு. நிறுத்தித்தான் எடுத்தேன்."

"உருளலியே?"

"ஏழுங்கறது எதுக்கு?"

குரலில் பழைய திமிர் வந்திருந்தது. "பின்னாடி யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஆங். நீதான். இடுப்புல கை வெச்சிகினு மொறைச்சிகினு இருந்தே."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். அப்புறம், வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தானே பேசுகிறீர்கள் என்று சத்தம் போட்டேன்.