பிள்ளையாரைக் கழித்த கணக்கு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், புதுப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில், நிலத்துக்குள் இறங்கும் தண்ணீரை எடை போடுவது என் வேலை. மழைநீரைக் குளத்தில் தேக்கி மண்ணுக்குள் விட்டால் அடியில் பாரம் கூடும். பாரம் கூடினால் பூமியின் ஈர்ப்பும் இம்மியளவு கூடும். அந்த இம்மியை அளக்க ஒரு பெட்டி. பெட்டியை வைக்கக் குளக்கரையில் ஒரு சிமென்ட் மேடை.

குளத்துக்கு நிலம் கொடுத்தவர் ஓர் அக்கா. கடல் உப்பு அவர் கிணறு வரை வந்து பயிரைக் கருக்கிவிட்டிருந்தது. மழைக்குப் பிறகும் பெட்டியில் எண் ஏறாவிட்டால் குளத்தை மூடிவிடுவதென்று அலுவலகம் முடிவு செய்திருந்தது.

பெட்டிக்கு அதிர்வு ஆகாது. கோடை முழுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லோரையும் வாயை மூடச் சொல்லி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் அளந்தேன். ஊர் இதைக் கவனித்திருக்கிறது. மழை விட்டுத் திரும்பிப் போனால், மேடையை ஒட்டி ஆளுயரப் பீடத்தில் மாபெரும் கருங்கல் பிள்ளையார்! மாமல்லபுரத்தில் ஏதோ ஓட்டலுக்காகச் செதுக்கப்பட்டவர். தும்பிக்கை வலம்புரியாகிவிட்டது, அதற்கு ஆசாரம் அதிகம், நமக்குக் கட்டாது என்று ஓட்டல்காரர் கைவிட்டாராம்.

"நீ தெனம் கும்புட்டுகினு இருந்தியே சார், மேடை சும்மா கீதேன்னு இட்டாந்துட்டோம்" என்றார் அக்கா.

எனக்குச் சந்தோஷம்தான். கடற்காற்றை அவர் மறைத்ததால் பெட்டி ஆடாமல் நின்றது. ஆனால் எண் இறங்கியிருந்தது.

"தண்ணீர் மேலே போகிறதோ என்னவோ" என்றார் மேலதிகாரி போனில், சிரிக்காமல்.

"கெணத்துல தண்ணி ஏறிகினு கீது. உன் பொட்டிக்கு மட்டும் இன்னா கேடு?" என்றார் அக்கா. கிணற்றை அலுவலகம் நம்பாது, பெட்டிதான் சொல்லவேண்டும் என்றேன். அவர் கண் கலங்கியது. பெட்டியைத் தூக்கிக் குளத்தில் போடலாம் போல எனக்கு ஆத்திரம்.

பசி வேறு. பிள்ளையாருக்குப் படைத்த சுண்டலை வாங்கிக்கொண்டு அவர் நிழலில் உட்கார்ந்து நிமிர்ந்தேன். பெட்டியை விட உயரத்தில் அத்தனை டன் கல்! எந்தப் பாரமும் தன் பக்கம்தான் இழுக்கும்; அடியில் தண்ணீர் பெட்டியைக் கீழே இழுக்க, இவர் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

அவரை நகர்த்த ஊர் விடாது. கணக்கில் கழிக்கலாம், கழிக்க எடை வேண்டும். டேப்பை எடுத்து அவர் வயிற்றைச் சுற்றினேன்.

"இன்னா சார், சாமிக்குச் சட்டை தைக்கப் போறியா?"

அறிக்கையில் 'பிள்ளையார் திருத்தம்' என்று எழுதினேன். அலுவலகம் அதை 'அருகிலுள்ள பாரம்' என்று மாற்றி ஏற்றுக்கொண்டது. அவரைக் கழித்ததும் எண் ஏறியது. குளத்தை இப்போதைக்கு மூடவேண்டாம், இன்னும் ஒரு வருடம் அளந்து பார்ப்போம் என்றார்கள்.

செய்தியைச் சொன்னதும் அக்கா என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சாலைப் பக்கம் கையைக் காட்டினார். கருங்கல் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"கொளம் நின்னா அவருக்குக் கோயில் கட்றேன்னு வேண்டிகினேன் சார். கோபுரத்தோட."